மேற்குப் பார்த்த அறை

எங்கள் வீட்டுக்குள் செடிகள் வந்தது யாருடைய தோட்டக்கலை ஆர்வத்தாலும் அல்ல. பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில், 2022 ஐப்பசி மழையில் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்த அய்யன் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். (கொங்கு நாட்டில் தந்தையை அய்யன் என்று விளிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.) அறுவை சிகிச்சை முடிந்ததும் அவரைக் கோவைக்கு அழைத்துவந்து, வீட்டின் பின்புறம் புதிதாகக் கட்டியிருந்த மேற்குப் பார்த்த அறையில் கட்டில் போட்டோம். பூமி குத்தகைக்குப் போயிற்று. அறுபதாண்டுகள் வெள்ளாமை பார்த்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

தமிழக அரசு 2013இல் சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மாடித்தோட்டத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தென்னை நார்க்கழிவு, பைகள், விதைகள், உயிர் உரங்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நாங்களும் மாடியில் நாலு தக்காளி பறித்தவர்கள்தாம். ஆனால் அய்யனால் படியேற முடியாது. ஆகவே செடிகள் அவரிடம் இறங்கி வரட்டும் என்று எங்கள் மகள் முடிவு செய்தாள். பத்துத் தொட்டிகள், பொள்ளாச்சி நார்க்கழிவுக் கட்டிகள், இணையத்தில் வாங்கிய ஊதா நிற எல்இடி விளக்கு ஒன்று. ஜன்னலோரம் தக்காளியும் மிளகாயும் வெந்தயக்கீரையும் முளைத்தன.

விளக்கொளியில் வீட்டுக்குள் செடி வளர்ப்பது பனி கொட்டும் நாடுகளின் தேவையிலிருந்து பிறந்த கலை. அதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் கணிசமானவை, படிக்கப் படிக்க, கஞ்சா வளர்ப்போர் எழுதியவை என்று தெரிந்தது. இரவில் ஜன்னல் வழியே கசிந்த ஊதா வெளிச்சத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “என்னங்க சார், உள்ளார கஞ்சாச் செடி ஏதாச்சும் வளக்கறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி அதற்குச் சிறை உண்டு என்பதால், அவரை உள்ளே அழைத்துவந்து வெந்தயக்கீரையைக் காட்டினோம். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் விளக்குப் போட்டுச் செடி வளர்க்கும் எங்கள் புத்திசாலித்தனத்தை அவர் மெச்சினாரா, நொந்தாரா தெரியவில்லை.

தை வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. மாசியில் கோளாறு தொடங்கிற்று. தக்காளி இலைகளின் ஓரம் படகுபோல மேல்நோக்கிச் சுருண்டது. விளக்குக்கு அருகிலிருந்த இலைகள் வெளுத்தன. பூக்கள் காம்போடு கழன்று தரையில் கிடந்தன. உடனே நாங்கள் கண்டுபிடித்த மருந்து உரம். 19:19:19 என்னும் கரையும் உரத்தை லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவிலிருந்து 5 கிராமாக உயர்த்தினோம். இரண்டு வாரத்தில் இலை நுனிகள் தீய்ந்து பழுப்பாயின. தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்தது. ஏதோ சத்துக் குறைவு என்று எண்ணி, கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவையும் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தோம். நல்ல பொருள்தான். ஆனால் நோயறியாமல் கொடுத்த மருந்துக்கு என்ன மதிப்பு இருக்கமுடியும்?

இதே நாட்களில் அய்யன் உண்பதும் குறைந்துகொண்டே வந்தது. “மாமா, இன்னொரு தோசை வெக்கட்டுங்களா?” என்று கேட்டால் “போதும் அம்மிணி” என்பார். ராகிக்கூழ், முட்டை, மருந்துக்கடைச் சத்துமாவு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். இரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர் ஏக்கம் என்று எங்களுக்குள் முடிவுகட்டிக்கொண்டோம். இலக்கியம் படித்தவர்களுக்கு ஏக்கம் என்ற சொல் எளிதில் கைக்கு வந்துவிடுகிறது.

ஒருநாள் உரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது அய்யன் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: “ஏஞ்சாமி, காய்ச்சக்காரனுக்கு விருந்து வெக்கறீங்களே? வேர் வெந்து கெடக்குது. அதெப்படித் திங்கும்?”

தொட்டிக்குள் விரல் விட்டோம். நார்க்கழிவு கதகதவென்று இருந்தது. சமையலறைக் கடிகாரத்தோடு இணைந்த வெப்பமானியைச் செடிகளுக்கு நடுவே வைத்தோம். மாலை 4 மணிக்கு 38 டிகிரி, இரவு 10 மணிக்கு 33. மேலே வேறு தளம் இல்லாத கான்கிரீட் கூரையும் மேற்குச் சுவரும் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உள்ளே உமிழ்ந்துகொண்டிருந்தன. பற்றாக்குறைக்கு ஒரு சாண் உயரத்தில் விளக்கு.

அதன்பிறகுதான் முறையாகப் படித்தோம், அய்யனிடமும் கேட்டோம். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு போதுமான அளவு குளிராமல் போனாலோ தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். உரத்தால் அதைத் தடுக்க முடியாது. வேர் சூடேறினால் நீரையும் சத்தையும் இழுப்பது தளரும். எடுக்கப்படாத உரம் உப்பாகத் தங்கி, வேரிலிருந்தே நீரைப் பிடுங்கும். நார்க்கழிவுக்கும் தனிக்குணம் உண்டு. சரியாகக் கழுவாவிட்டால் அதிலிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் தொல்லை தரும். செடிக்குச் சேரவேண்டிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது தானே பிடித்துவைத்துக்கொள்ளும். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவது பெரும்பாலும் கால்சியம் காய்வரை போய்ச் சேராததால். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய் ஊற்றினாலும் அதே கதிதான்.

இலை மஞ்சளாவதைப் பற்றி அய்யன் சொன்னது எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததல்ல. “மேல எலை வெளுத்தா ஒரு நோவு, கீழ எலை வெளுத்தா வேற நோவு. கீழ எலை தங்கிட்ட இருக்கறதக் குருத்துக்குக் குடுத்துப்போட்டுப் பழுக்குது.” தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. அவை குறைந்தால் முதிய இலை முதலில் மஞ்சளாகும். மெக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி நகராது, ஆகவே குருத்து வெளுக்கும். எங்கள் மிளகாயில் குருத்துத்தான் வெளுத்தது. காரணம் ஆழ்குழாய்க் கிணற்று நீர். காரத்தன்மை மிகுந்த நீரில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாது. மென்மையான சிறுவாணி நீரைப் பிடித்துவைத்து ஊற்றத் தொடங்கியதும் புதிய தளிர்கள் பச்சையாக வந்தன.

ஆகவே வரிசையை மாற்றினோம்: முதலில் வெப்பம், பிறகு நீர், பிறகு வேர், கடைசியில்தான் உரம். ஒவ்வொரு தொட்டியிலும் அதன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரை ஊற்றி உப்பைக் கழுவி வடியவிட்டோம். இரண்டு வாரம் உரமே இல்லை. பிறகு லிட்டருக்கு 1 கிராம் மட்டும். தொட்டிகளைக் கிழக்கு வாசல் திண்ணைக்கு மாற்றி, பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலையைக் கட்டினோம். ஊதா விளக்கு பரணுக்குப் போயிற்று.

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது. அந்த ஓரறிவு தொடுவுணர்வு. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறோம். வெப்பத்தை உணர அந்த ஓரறிவே போதும் என்பது அன்று தொட்டிகளை வெளியே தூக்கிய பின்தான் எங்களுக்கு உறைத்தது. அறை காலியாகிவிட்டது, கட்டில் மட்டும் மிஞ்சியது. செடிக்கு ஆகாத 38 டிகிரியில் எழுபத்தெட்டு வயது மனிதர் ஒருவரைப் படுக்கவைத்து, அவர் ஏன் உண்ணவில்லை என்று சத்துமாவை மாற்றிக்கொண்டிருந்தோம்.

“வேகுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லைங்களா?” என்று கேட்டோம். “புதுசாக் கட்டுன ரூமு. கடன்பட்டுக் கட்டிருக்கறீங்க. அந்த வெளக்கும் புள்ள ஆசையா வாங்குனது, அணைக்கச் சொன்னா மொகம் வாடிப்போவா” என்றார். நள்ளிரவு வரை ஊதா வெளிச்சத்தில் அவர் கண்மூடாமல் கிடந்திருக்கிறார்.

அன்று மாலையே கட்டிலையும் கிழக்கு அறைக்கு மாற்றினோம். ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் பத்து நாள் கழித்து இரவுச் சாப்பாட்டில் அவரே இரண்டாம் முறை இரசம் கேட்டார். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் தக்காளியும் பூவைப் பிடித்துக்கொண்டது. தேறாத செடிகளும் மூன்று உண்டு. அவற்றைப் பிடுங்கி எருக்குழியில் போடச் சொன்னார், போட்டோம்.

மேற்கு அறையில் இப்போது எங்கள் புத்தகங்கள் இருக்கின்றன. அவை எதுவும் கேட்பதில்லை. அய்யன் திண்ணையில் நாற்காலி போட்டு, காலையில் முதலில் தொட்டிக்குள் விரல் விட்டுப் பார்க்கிறார். நாங்கள் அவர் அறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறோம்.