கயிற்றின் தழும்பு

கெனசரேத்து ஏரியில் ஆண்டவர் சீமோனின் படகில் அமர்ந்து போதித்தார். அதை நினைவூட்ட, பழைய கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, நம் ஆலயத்தின் நற்செய்தி மேடையாக்க விரும்பினோம்.

படகைத் தேடுகையில் பக்கிங்காம் கால்வாயின் வரலாறும் விரிந்தது. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வெட்டு அது. 1877-78 பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைப் பட்டினியால் வாடியோர் கூலிக்கு வெட்டினர். பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்குரியதாயிற்று. ஆந்திரத்திலிருந்து விறகு சுமந்து படகுகள் வந்தன. காற்றிருந்தால் பாய் விரித்தன; இல்லையேல் மனிதர் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன.

படகு கிடைக்கவில்லை. "எல்லாம் அடுப்புக்குப் போயிற்று" என்றனர். இறுதியில், கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்ட முதியவரைக் கண்டோம். சிறுவயதில் தந்தையோடு படகிழுத்தவர். தோளின் தழும்பைக் காட்டினார்.

"படகு எதுக்கு சாமி? இழுத்தவன் இங்கதானே இருக்கேன். பூசைக்கு வரத்தான் முழங்கால் விடல."

நாணினோம். அவர் நம் பங்கினர். பல மாதங்களாக அவரது இடம் வெறுமையாய் இருந்ததை நாம் கவனிக்கவில்லை. பலகையைத் தேடி அலைந்தோம், மனிதரைத் தேடவில்லை. ஆண்டவரோ படகைக் கரையில் விட்டுவிட்டுச் சீமோனையன்றோ அழைத்துச் சென்றார்!

திருவிழாவன்று இளைஞர் நால்வர் அம்முதியவரை நாற்காலியோடு சுமந்து வந்தனர். நற்செய்தி மேடை பழையதாகவே இருந்தது. அவர் அதனருகே அமர்ந்திருந்தார்.