விளிம்புப்பட்டை

நுழையும்முன்

இசைக்கருவியின் இனிமையைச் செவி உணர்கிறது. அதைச் செய்தவரின் கைத்திறனை விரல் உணர்கிறது. மகளுக்காகக் கிதார் செய்யத் தொடங்கிய ஒருவரின் பட்டறிவு இக்கட்டுரை.

என் தந்தையார் தச்சர். நானோ வங்கிப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கழித்த பின்னரே உளியைக் கையில் எடுத்தவன். ஜோத்பூரில் பயிலும் மகளுக்கு ஒரு கிதார் செய்து தருவதாக வாக்களித்திருந்தேன். தந்தையாருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆயினும் நாள்தோறும் என் பட்டறையில் வந்து அமர்வார்.

கிதாரின் கழுத்தின்மீது ஒட்டப்படும் பலகையே விரற்பலகை. வீணையில் மெட்டுகளை மெழுகின்மேல் பதிப்பர். கிதாரிலோ பலகையில் அறுத்த பள்ளங்களில் அவற்றை அறைந்து இறுக்குவர். தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் எனில், முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டர் தொலைவில் அமைய வேண்டும். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியான 325இல் அமைய வேண்டும். இக்கணக்கில் நான் பிழை செய்யவில்லை. பிழை ஆழத்தில் நேர்ந்தது. இரண்டரை மில்லிமீட்டர் போதுமான இடத்தில், ஐந்தாறு பள்ளங்களில் ரம்பம் நான்கு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. பலகையின் தடிமனே ஆறு மில்லிமீட்டர்தான்!

அப்போதுதான் விளிம்பைப் பற்றிய எண்ணம் எழுந்தது. ஸ்பெயின் நாட்டு மரபுக் கிதார்களில் விரற்பலகையின் ஓரத்தைப் பெரும்பாலும் மூடாமல் விடுவர். பள்ளங்களின் முனைகள் பக்கவாட்டில் தெரியும். வேறு சில வகைகளில் தந்தநிறச் செல்லுலாய்டுப் பட்டையை ஓரத்தில் ஒட்டுவர். கருநிற மரத்தருகே அது பளிச்சிடும், ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளாகும். மரத்தாலான மெல்லிய பட்டையை ஒட்டுவதும் உண்டு. நான் தந்தநிறப் பட்டையைத் தேர்ந்தெடுத்தேன். அழகுக்காகவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தந்தையார் பலகையைக் கேட்டு வாங்கினார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, ஒவ்வொரு பள்ளத்திலும் நட்டு, நகத்தால் அளந்தார். ஏழாவது பள்ளத்தில் அவர் கை நின்றது.

"தம்பி, பட்டை ஒட்டப் போகிறேன் என்றாயே, எதற்கு?"

"அழகாக இருக்கும் அப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மெட்டின் அடியில் வெற்றிடம். வெற்றிடத்தை மூட ஒரு பட்டை. எவரும் காணப்போவதில்லை. ஆனால் பலகை வலுவிழந்தால் கழுத்து வளையும். வளைந்தால் சுருதி பிசகும். பிழை என்னுடையது, அதனால் துன்புறுபவளோ என் மகள்.

மறுநாள் ஈட்டி மரத்தில் புதிய பலகை ஒன்றை இழைத்தேன். ஆழம் மீறாதிருக்க ரம்பத்தின் பக்கத்தில் ஒரு கட்டையை இறுக்கிக்கொண்டேன். பத்து நாள் உழைப்பு வீணாயிற்று, பள்ளங்கள் சீராயின. இனி எதையும் மூடுவதில்லை என்ற முடிவோடு பலகையைத் தந்தையாரிடம் நீட்டினேன். ஈர்க்கால் அளந்து முடித்தவர், "இதற்குப் பட்டை ஒட்டு" என்றார்.

நான் திகைத்தேன்.

"பிள்ளை இருப்பது வறண்ட ஊர். இங்கே கடற்காற்றில் ஊறிய மரம் அங்கே போனதும் சுருங்கும், உலோகம் சுருங்காது. மெட்டின் முனை வெளியே துருத்திக்கொண்டு கையைக் கீறும். மூடுவது குற்றமில்லை தம்பி. எதற்காக மூடுகிறோம் என்பதுதான் கணக்கு."

அதே ஈட்டி மரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் பட்டை சீவி ஒட்டினேன். மெட்டுகளின் அடித்தண்டை மயிரிழையளவு குறைத்து வெட்டி, பட்டைக்கு உட்புறமாகவே நிற்கச் செய்தேன். பலகையும் பட்டையும் ஒன்றாகவே தோன்றின. பார்ப்பவர் கண்ணுக்குப் புதிதாக எதுவுமில்லை.

மே மாத வெயிலில் ஜோத்பூரிலிருந்து மகள் பேசினாள். "ஓரம் வழுவழுப்பாகவே இருக்கிறது அப்பா" என்றாள். தந்தையாரிடம் சொன்னேன். அவர் தம் பெருவிரலைச் சுட்டுவிரலின்மேல் மெல்லத் தேய்த்தபடி தலையசைத்தார்.