மாறாத் தாளமும் நான்கு தந்தியும்

வாத்தியக் குழுவில் பாஸ் வாசிப்போர் பெரும்பாலும் பின்வரிசையிலேயே நிற்பர். அவர் நிறுத்தினாலன்றி அவர் வாசித்தமை பலர்க்குப் புலனாவதில்லை. ஆயினும் நமது செவி என்றும் அவரையே நாடும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஜாஸ் இசையில் அவர் தொழில் முன்னாளில் பெரிதும் தாளங்காப்பதாகவே இருந்தது. 1939ஆம் ஆண்டு டியூக் எலிங்டனின் குழுவிற் சேர்ந்த ஜிம்மி பிளான்டன் என்னும் இளைஞர் அவ்வாத்தியத்தைத் தனித்துப் பாடவும் வைத்தார். 1942இல், 23 வயதில், அவர் மறைந்தார்; அவர் திறந்த வழி மறையவில்லை.

பின்னர்த் தோன்றியது ஹவுஸ் இசை. சிக்காகோ நகரின் வேர்ஹவுஸ் என்னும் நடன மண்டபத்தில் 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுக்களை இணைத்து ஒலிப்பித்தார். அம்மண்டபத்தின் பெயராலேயே அவ்விசைக்குப் பெயர் வந்ததென்பர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள், அடிப்பது இயந்திரம். பாஸ் வாசிப்போருக்குப் பதிலாகவும் 1980களின் தொடக்கத்தில் றோலண்ட் நிறுவனத்தார் டி.பி.-303 என்னும் கருவியை விற்பனைக்கு விட்டனர்.

அங்ஙனமாயின் மனிதனுக்கு இடம் எங்கே? நமது காரியாலயத்திற் கணக்கெழுதிய கைகளுக்குப் பதிலாகக் கணினி வந்த நாள்தொட்டு நம்மைவிட்டு அகலாத வினா இது. இயந்திரத் தாளத்தோடு நேர்நின்று ஜாஸ் வாசிக்கும் பாஸ் கலைஞரிடம் ஒரு விடையைக் கண்டோம்.

ஜாஸ் இசையில் நடைபோடும் பாஸ் ஓர் ஆவர்த்தத்துக்கு நான்கு சுரம் ஒலிக்கும். ஹவுஸ் தாளத்துக்கும் அடி நான்கே. ஆதலின் இரண்டும் இயல்பாய்ப் பொருந்தும். ஆனால், ஜாஸ் குழுவின் தாளக்காரர் பாஸ் கலைஞரின் வாசிப்பைக் கேட்டு விடையிறுப்பார்; இயந்திரமோ கேளாது, காத்திராது, களைப்படையாது. கேட்கும் கடமை முழுவதும் கலைஞர்மேலேயே விழுகிறது. ஆகவே அவர் அடியோடு போட்டியிடுவதில்லை. அடிக்கும் அடிக்கும் இடையே சுரத்தை வைக்கிறார், சற்றே பிந்துகிறார், சிலவிடங்களை வெறிதே விடுகிறார். அவ்வெற்றிடத்திலேதான் அன்றைய இரவுக்கே உரிய கற்பனை பிறக்கிறது. ஆடுவோர் கால்களும் பிசகுவதில்லை.

கற்பனைச் சுரம் கேட்டுப் பழகிய நமக்கு இவ்வுண்மை அந்நியமன்று. தாளம் இறுகுந்தோறும் கற்பனைக்குப் பொறுப்பு மிகும்.

இயந்திரங்களோடு வாழவிருக்கும் மாணவத் தம்பிமாரே! வேகத்தில் அவற்றை வெல்ல முயலவேண்டா. அவை கேளாதவற்றைக் கேட்கப் பழகுங்கள்.