பெற்றவளைத் தேடிய பிலிப்பா

தத்துப் பிள்ளைகள் 18 வயதின் பின் தம் பிறப்புப் பதிவைக் காணும் உரிமையை இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வழங்கிற்று. பி. டி. ஜேம்ஸ் 1980இல் வெளியிட்ட ‘இன்னசன்ற் பிளட்’ நாவலின் பிலிப்பா அவ்வுரிமையோடு புறப்படுகிறாள். தந்தை ஒரு பிரபு என்பது அவள் வளர்த்த கனவு. கண்டதோ வேறு. தந்தை ஒரு சிறுமியைக் கெடுத்துச் சிறையில் இறந்தவன். தாய் அச்சிறுமியைக் கொன்று, விடுதலையை எதிர்நோக்கியிருப்பவள்.

கொலையாளியைத் தேடி வாசிப்போர் ஏமாறலாம்; அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மர்மம் தத்துக் கொடுத்த நாளில் இருக்கிறது. கொலையே தன்னைப் பிரித்ததென நம்பித் தாயுடன் இலண்டனிற் குடியிருக்கிறாள் பிலிப்பா. (இறந்த சிறுமியின் தந்தை பழிவாங்கப் பின்தொடர்கிறான், உண்மையில் நம் இரக்கம் அவன் பக்கமே சாய்கிறது.) கொலைக்கு முன்னரே தாய் தன்னைக் கொடுத்துவிட்டாள் என்பது பின்னரே தெரியவருகிறது. கொலையைப் பொறுத்தவளால் அதைப் பொறுக்க முடியவில்லை.