ஐந்து கியரா, ஆறு கியரா? ஆல்ப்ஸ் மலைச்சாலை சொல்லும் பதில்

ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து தெற்கே போகிறது ஏ95 நெடுஞ்சாலை. அதன் பெரும்பகுதியில் வேக வரம்பே கிடையாது. 130 கிலோமீட்டர் என்பது அரசு சொல்லிவரும் பரிந்துரை, அவ்வளவுதான். அதே சாலையில் காலையில் கிளம்பும் பைக், 300 கிலோமீட்டருக்குள் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை எட்டிவிடும். அங்கே 48 கொண்டை ஊசி வளைவுகள். வேகமானி முள் பல இடங்களில் 20-ஐத் தாண்டாது.

ஒரே நாள், ஒரே வண்டி, இரண்டு வேறு உலகம். இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே பிறந்தவைதான் ஸ்போர்ட் டூரிங் பைக்குகள். பந்தய பைக்கின் வேகமும் வேண்டும், பின்னால் மனைவியையோ கணவரையோ உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்டவும் வேண்டும். இந்த பைக் பிரியர்களிடையே பல வருடமாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. கியர் ஐந்து போதுமா, ஆறு வேண்டுமா?

மாடிப்படிக் கணக்கு

கியர் என்பது மாடிப்படி மாதிரிதான். மாடிக்கு ஐந்து படி வைத்தும் ஏறலாம், ஆறு படி வைத்தும் ஏறலாம். அதே உயரத்துக்கு ஆறு படி என்றால் ஒவ்வொரு படியும் தாழ்வாக இருக்கும், ஏறுவது சுலபம். இன்னொரு வழியும் இருக்கிறது. இருக்கிற ஐந்து படியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு படியைக் கூடுதலாகக் கட்டலாம்.

பைக்கில் இந்த இரண்டு விதமும் உண்டு. முதல் வகையில் கியர்களுக்கு இடையிலான இடைவெளி குறையும். இரண்டாவது வகையில் வருகிற ஆறாவது கியருக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். வேகத்தைக் கூட்டுவதற்காக அதை வைப்பதில்லை. அதே வேகத்தில் இன்ஜின் நிதானமாகச் சுற்றுவதற்காக வைக்கிறார்கள். ஆகவே, 'ஆறு கியர்' என்று மட்டும் சொன்னால் பாதி விஷயம்தான் தெரியும். அந்த ஆறாவது படி எங்கே இருக்கிறது என்பதுதான் மீதி.

காலை: ஏ95 நெடுஞ்சாலை

மியூனிக்கை விட்டு வெளியே வந்ததும் சாலை விரிகிறது. இரண்டு பக்கமும் பவேரியப் புல்வெளி, எதிரே ஆல்ப்ஸ். டாப் கியரில் போட்டுவிட்டால் அரை மணி நேரத்துக்குக் காலுக்கு வேலை இல்லை.

ஐந்து கியர் வண்டியில் வருகிறவரின் இடது கால், இந்த இடத்தில்தான் தன்னையறியாமல் லீவரை மேலே தூக்கிப் பார்க்கும். இன்ஜின் சத்தம் 'இன்னும் ஒரு கியர் இருக்கிறது' என்பதுபோலக் கேட்கும். ஆனால் இருக்காது. இல்லாத ஆறாவது கியரைத் தேடும் இந்தப் பழக்கம் உலகம் முழுக்க உள்ள ஐந்து கியர்க்காரர்களுக்குப் பொது.

இதில் என்ன நஷ்டம்? ஒரு சின்னக் கணக்கு. டாப் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவிகிதம் உயரமான இன்னொரு கியர் இருந்தால், அதே வேகத்தில் 3,600 சுற்று போதும். ஒரு மணி நேரத்தில் 24,000 சுற்று மிச்சம். ஹேண்டில் அதிர்வு குறையும், கை மரத்துப்போகாது, பின்னால் இருப்பவருக்குத் தலைவலி வராது, பெட்ரோலும் கொஞ்சம் மிஞ்சும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாலையில் மலை வளைவுகளுக்கு வரும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காலைச் சாலைதான் தீர்மானிக்கிறது.

நண்பகல்: லாரிக்குப் பின்னால்

நெடுஞ்சாலை முடிந்து, கார்மிஷ் ஊரைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தால் ஃபெர்ன் கணவாய். சுமார் 1,200 மீட்டர் உயரம். லாரிகளும், வீட்டையே இழுத்துப்போகும் கேரவன் கார்களும் வரிசைகட்டி ஊர்ந்துபோகும் சாலை. முந்திச்செல்லக் கிடைக்கும் நேரான பாதை கொஞ்சம்தான்.

இங்கே கதை மாறுகிறது. ஓவர்டிரைவ் கியரில் இழுவை குறைவு. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி யோசித்துத்தான் கிளம்பும். கியரை ஒன்றோ இரண்டோ குறைத்த பிறகுதான் முந்த முடியும். ஆனால் 1,300 சிசி போன்ற பெரிய இன்ஜினோடு வரும் ஐந்து கியர் வண்டி, டாப் கியரிலேயே லாரியைத் தாண்டிப் போய்விடும்.

ஐந்து கியர் வைத்த பொறியாளர்களின் நியாயமும் இதுதான். இன்ஜின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்குமானால் அடிக்கடி கியர் மாற்றவேண்டியதில்லை. படிகளுக்கு இடையே உயரம் இருந்தாலும் நீளமான காலுக்கு அது தெரியாது. 1990-ல் வந்த ஹோண்டா எஸ்டி1100-க்கு ஐந்து கியர். அதன் வாரிசாக 2002-ல் வந்த எஸ்டி1300-க்கும் ஐந்தேதான். 28 லிட்டர் டேங்க்கோடு கண்டத்தையே கடக்கும் வண்டி என்று எஸ்டி1100 பெயர் வாங்கியது, அந்த ஐந்து கியரை வைத்துத்தான்.

ஐந்து பழசு, ஆறு புதுசு என்றும் சொல்லிவிட முடியாது. 1986-லேயே கவாஸாகி ஜிடிஆர்1000 ஆறு கியரோடு வந்துவிட்டது. 2001-ல் வந்த யமஹா எஃப்ஜேஆர்1300-க்கு ஐந்து. மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎம்டபிள்யூ, 1993-ல் ஆர்1100ஆர்எஸ் பைக்குக்கு ஐந்து கியர் கொடுத்தது. 2001-ல் ஆர்1150ஆர்எஸ் வந்தபோது ஆறாக்கியது.

எஃப்ஜேஆர் கதை சுவாரஸ்யமானது. 'ஆறாவது கியர் எங்கே?' என்ற கேள்வி அதைப் பல வருடம் துரத்தியது. கடைசியில் 2016 மாடலில் யமஹா அதைக் கொடுத்தது. கியர்பாக்ஸைப் பெரிதாக்கவில்லை. பற்சக்கரங்களை மெல்லியதாக மாற்றி, ஐந்து இருந்த இடத்திலேயே ஆறை அடக்கியது.

பிற்பகல்: 48 முதல் 1 வரை

லாண்டெக் ஊரிலிருந்து இன் ஆற்றை ஒட்டி மேலேறினால் ரெஷென் கணவாய். அதைத் தாண்டியதும் இத்தாலி. 1950-ல் அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட கிராமத்தின் 14-ம் நூற்றாண்டுத் தேவாலயக் கோபுரம் மட்டும் ஏரி நடுவே தலைநீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு. பிறகு ஆப்பிள் தோட்டங்கள் வழியே இறங்கினால் பிராட் கிராமம். ஸ்டெல்வியோ ஏற்றம் இங்கே ஆரம்பம்.

1820-க்கும் 1825-க்கும் இடையே ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் அமைத்த சாலை இது. குதிரை வண்டிக்காகப் போட்ட வளைவுகள் இன்றும் பெரிதாக மாறவில்லை. 24 கிலோமீட்டரில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறி, 2,757 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. வளைவுகளுக்கு எண் உண்டு. அடிவாரத்தில் 48, உச்சியில் 1. எதிரே 3,905 மீட்டர் உயர ஓர்ட்லர் சிகரம் பனியோடு நிற்கும். அதை ரசிக்க வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டுவது நல்லது.

இந்த வளைவுகளில் ஐந்தாவது கியருக்கும் வேலையில்லை, ஆறாவது கியருக்கும் வேலையில்லை. எல்லாம் முதல் இரண்டு கியர்களின் ராஜ்யம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், வலதுபுறம் திரும்பும் வளைவுகள் மிகவும் குறுகல். அங்கே முதல் கியரில் போனால் வண்டி குதிக்கும். இரண்டாவதில் போனால் இன்ஜின் திணறும். பெட்டியும் பின்னிருக்கை ஆளுமாக 400 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டி, வளைவின் நடுவே திணறி நின்றால் சாய்ந்துவிடும். கீழே காலூன்றித் தாங்கும் எடை அல்ல அது.

ஆக, மலையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. முதல் கியர் எவ்வளவு மெதுவாகப் போக விடும்? முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பள்ளம் எவ்வளவு? இந்த இடைவெளி சரியாக அமைந்த ஐந்து கியர் வண்டி, சரியாக அமையாத ஆறு கியர் வண்டியைவிட நிம்மதியாக ஏறும்.

இறக்கத்தில் தெரியும் உண்மை

உச்சியில் சாசேஜ் கடையில் பசியாறிவிட்டு மறுபக்கம் போர்மியோ ஊருக்கு இறங்கவேண்டும். சுமார் 21 கிலோமீட்டரில் 1,500 மீட்டர் இறக்கம், நடுவே குறுகலான சுரங்கப் பாதைகள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, லீவர் மெத்தென்று ஆகிவிடும். தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம்மூர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதும் இதைத்தான்.

இன்னொன்றையும் வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை. செயின் வைத்த பைக்கில் டாப் கியர் பிடிக்கவில்லை என்றால், ஸ்ப்ராக்கெட்டை மாற்றி ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன எஸ்டி, எஃப்ஜேஆர், ஜிடிஆர், பிஎம்டபிள்யூ எல்லாமே ஷாஃப்ட் டிரைவ். செயினுக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை. ஆனால் தொழிற்சாலையில் வைத்த கணக்கை மெக்கானிக் கடையில் அவ்வளவு சுலபமாக மாற்றவும் முடியாது. கட்டிக்கொண்டால் கட்டிக்கொண்டதுதான்.

அதனால் பயணத்துக்காக வாடகைக்கு எடுத்தாலும் சரி, பழைய வண்டியாக வாங்கினாலும் சரி, விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. டாப் கியரில், வழக்கமாகப் போகும் வேகத்தில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்கவேண்டும். பிறகு, ஒரு குறுகலான தெருவில் முதல் கியரில் நடக்கிற வேகத்தில் ஓட்டி, அப்படியே இரண்டாவதுக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். பின்னால் உட்காரப்போகிறவரையும் ஏற்றிக்கொண்டே பார்ப்பது இன்னும் நல்லது. ஐந்தா ஆறா என்பதில் அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு.