சாரை தேடிய சூடு

ஊசி போட்டுவிட்டால்தான் என் மனசு ஆறும். கால்நடை மருத்துவம் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். நோயாளியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. அந்தப் பதற்றத்தைத் தணித்தது ஒரு சாரைப்பாம்பு.

மார்கழிக் குளிரில் கொண்டுவந்தார்கள். தோட்டத்து வேலி வலையில் சிக்கி, வாயோரம் கிழிந்து சீழ் கட்டியிருந்தது. பாம்பின் சீழ் நம்முடையதைப் போல வழியாது. சீழை இளக்கும் நொதிகள் அதன் வெள்ளணுக்களில் குறைவு. அதனால் பாலாடைக்கட்டி மாதிரி இறுகி ஈறில் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தேன். அடியில் ஈறு செக்கச்செவேலென்று கசிந்தது. செஃப்டாசிடிம் ஊசி போட்டேன். அடுத்த ஊசி 72 மணி நேரம் கழித்துத்தான். அதுவரை?

“லைட்டப் போட்டுட்டு நீங்க போங்க டாக்டரம்மா. அதுக்கு வேணுங்கிற எடத்துல அது படுத்துக்கும்” என்றார் பாம்புகளைப் பராமரிக்கும் அண்ணன்.

பெட்டியின் ஒரு கோடியில் சூட்டு விளக்கு, மறு கோடியில் ஈர மண். சாரை நேராக விளக்கடிக்குப் போய்ச் சுருண்டது. இரவு எட்டிப் பார்த்தபோதும் அங்கேயேதான். இவ்வளவு சூடு ஆகுமா என்று எனக்குப் பயம்.

அந்தப் பயத்துக்கான பதில் 1970களிலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் வாழும் இகுவானா பல்லிகளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் குழு ஆராய்ந்தது. பாக்டீரியா ஏற்றப்பட்ட பல்லிகள் வழக்கத்தைவிட 2 டிகிரி அளவுக்கு அதிகச் சூடான இடத்தைத் தாமே தேடிப்போயின. உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிருக்கு அதுதான் காய்ச்சல். 1975இல் அடுத்த சோதனை: 34 டிகிரியில் அடைத்து வைத்தவை பெரும்பாலும் செத்தன; 40, 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. பின்னர் வேறொரு சோதனையில், காய்ச்சலை அடக்கும் சாலிசிலேட் கொடுத்து, அதனால் சூடு ஏறாமல் போனவையும் மடிந்தன. ஊர்வனவற்றில் எதிர்ப்புரதங்கள் திரள வாரக்கணக்காகும். அதுவரை களத்தில் நிற்பவை வெள்ளணுக்கள்தான். அவை சுறுசுறுப்பாக வேலை செய்ய அந்தச் சூடு வேண்டும்.

படித்தது எனக்குப் புதிதில்லை. பெட்டியருகே உட்கார்ந்து, எதுவும் செய்யாமல் அதை நம்புவதுதான் புதிது. அதைச் சாரை கற்றுக்கொடுத்தது. ஒரு காலையில் அது தானாகவே ஈர மண் பக்கம் நகர்ந்து கிடந்தது. ஈறு வெளிர் ரோஜாவாகியிருந்தது.

காட்டில் இந்தச் சூடு சும்மா கிடைக்காது. நோயுற்ற பாம்பு வெட்டவெளியில் நெடுநேரம் வெயில் காய்ந்தால் பாம்புக் கழுகின் கண்ணில் படும். நிழலில் ஒதுங்கினால் நோய் முந்திக்கொள்ளும். இந்த நெருக்கடி என்னை இன்றும் வருத்துகிறது. அதனால் புண் ஆறியது என்பதற்காக மட்டும் எந்தப் பாம்பையும் நான் வெளியே அனுப்புவதில்லை. மூட்டமில்லாத முற்பகல், வெயில் படும் கல்திட்டு, அதையொட்டி ஒளியப் புதர். வண்டி எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி, இவை அமைந்தால்தான் பையை அவிழ்க்கச் சொல்வேன்.