பழைய போனை வாசித்தல்

தொழிலுக்கான ஸ்மார்ட்போன், வீட்டுக்கான ஸ்மார்ட்போன் என்ற பிரிவினையைக் கடையின் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் புதுப் பெட்டிகளில் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. அவற்றின் முதுகில் அச்சிட்டிருக்கும் ரேம், ஸ்டோரேஜ், மெகாபிக்சல் ஆகிய எண்கள் இரு தரப்பாருக்கும் ஒன்றுபோலவே ஆசை காட்டுபவை. அந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும் இடம், புதுப் போன் வாங்க வந்தவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கும் பழைய போனே ஆகும். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியைப் போன்ற சுண்ணாம்புக்கல் வட்டாரத்தில் போன் விற்பதையும் பழுது பார்ப்பதையும் ஒருசேரச் செய்பவர்களின் கைத்திறனில் பெரும்பகுதி, அந்தப் பழைய போனை அவசரப்படாமல் வாசிப்பதில் அடங்கியிருக்கிறது. ‘நல்ல போனா ஒண்ணு குடுங்கண்ணே’ என்று கேட்பவருக்கு நல்லது எது என்பதை அவருடைய வாயைவிட அவருடைய போன் தெளிவாகச் சொல்லிவிடும்.

வாசிப்பு சார்ஜிங் பின்னிலிருந்து தொடங்குகிறது. பழுது பார்ப்பவர்கள் அப்பெயரால் குறிப்பது, போனின் அடிவிளிம்பில் வயரைச் செருகும் வாயை. டைப்-சி வகையில் அந்த வாயின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று நீண்டிருக்க, அதன் இரு முகங்களிலும் மின்சாரம் ஏறும் தகடுகள் பதிந்திருக்கும். சுரங்கச் சாலையில் லாரி ஓட்டுபவர், எடைமேடையில் சீட்டுப் போடுபவர், வண்டிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர் ஆகியோரின் போனில் இந்த நாக்கைச் சுற்றி வெண்பொடி இறுகிக் கிடக்கும். பொடி தானாக அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் வயரின் முனைதான் அதை உள்ளே தள்ளித் தள்ளிக் கெட்டிப்படுத்துகிறது. நாளடைவில் வயர் முழுதாக உட்காராமல் அரைகுறையாக நிற்கிறது, கை பட்டால் சார்ஜ் விட்டுப்போகிறது, உரியவரோ பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி வேறு போன் வாங்கக் கிளம்பிவிடுகிறார். போனை அணைத்து, குண்டூசியைத் தவிர்த்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் பொடியைக் கிளறி எடுத்து, உலர்ந்த தூரிகையால் தட்டி, சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பல போன்கள் பழையபடி ஓடத் தொடங்கும். அன்றைக்கு ஒரு விற்பனை குறையும் என்பது வேறு விஷயம். அந்தப் பொடியும் லேசுப்பட்டதன்று. நிலவியலாளர்கள் கல்லங்குறிச்சிப் படிவம் என்று இவ்வூரின் பெயராலேயே வழங்கும் பாறையடுக்கு, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தபோது சிப்பி ஓடுகள் குவிந்து இறுகியதால் உருவானது. லாரிக்காரரின் போனை அடைத்திருப்பது ஒருவகையில் அந்தச் சிப்பிகளின் தூள்தான்.

வீட்டுப் போனின் முகம் வேறு. அதன் மூலைகளில் கண்ணாடி சிலந்திவலை போல விரிந்திருக்கும், டெம்பர் கிளாஸ் பாதி பெயர்ந்திருக்கும், ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் காலை வணக்கப் படங்களும் குழந்தைகளின் விளையாட்டுகளும் திருமண வீடியோக்களும் இடத்தை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் தொழில் போன் தூசியாலும் சூட்டாலும் தேய்கிறது, வீட்டுப் போன் கைதவறி விழுகிறது அல்லது இடம் நிரம்பித் திணறுகிறது. ஆகவே, வீட்டுக்காகக் கேட்பவருக்குக் கூடுதல் ஸ்டோரேஜும் மலிவாக டிஸ்ப்ளே கிடைக்கும் மாடலும் போதும்; அவரிடம் அதற்குமேல் நீட்டிப் பேச வேண்டியதில்லை.

தூசிக்கு விடையாக நிறுவனங்கள் முன்வைப்பது ஐபி என்ற தரக்குறியீடு. அதில் வரும் இரண்டு இலக்கங்களில் முதலாவது தூசியையும் இரண்டாவது நீரையும் குறிக்கும். ஐபி68 என்றால் தூசி அறவே புகாது, 1 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் நிறுவனம் சொல்லும் நேரம் வரை நீரிலும் தாங்கும் என்று பொருள். இதனுடன் சேர்த்து விளம்பரப்படுத்தப்படும் மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்க இராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு; அதிலிருந்து எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை நிறுவனமே தெரிந்தெடுத்துக்கொள்கிறது என்பதும், இராணுவம் எந்தப் போனுக்கும் சான்றிதழ் தருவதில்லை என்பதும் விளம்பரத்தில் வருவதில்லை. சாம்சங் 2024 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த கேலக்ஸி எக்ஸ்கவர்7 இவ்விரண்டு தகுதிகளையும் உடையது, நிறுவனப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டது, இக்காலத்தில் அரிதாகிவிட்ட கழற்றி மாட்டும் பேட்டரியையும் கொண்டது. அறிமுக விலை 27 ஆயிரத்தைத் தாண்டியது. சுரங்க மேற்பார்வையாளர்களுக்கு மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு, அதில் பாதி விலையில் ஒரு போனும், தடித்த ரப்பர் பவுச்சும், சார்ஜிங் வாய்க்கு ஒரு சிறு மூடியும் வாங்கித் தந்து, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வதே அறிவுடைமை. மேலும், எந்த ஐபி68 போனாக இருந்தாலும் டிஸ்ப்ளே மாற்ற ஒருமுறை சூடேற்றித் திறந்துவிட்டால் விளிம்பைச் சுற்றியிருந்த பசை அடைப்பு பழைய நிலைக்கு வரும் என்று உறுதி கூற முடியாது. அதன்பின் அதை மழையிலும் தூசியிலும் சாதாரணப் போனாகவே நடத்த வேண்டும்.

சூடு தூசியைவிடக் கடுமையான எதிரி. ஆப்பிள் தன் போன்களை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு கூறுகிறது. சித்திரை வெயிலில் அரியலூர் வட்டாரத்தில் நிழலிலேயே அந்த அளவு கடந்துவிட, லாரியின் டாஷ்போர்டில் கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் போனின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் பேட்டரி சூட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றப்படும்போது விரைவாக மூப்படைகிறது. உள்ளே வாயு சேர்ந்து பின்மூடி மெல்ல மேலெழும், பழுதுக் கடைகளில் இதற்கு ‘உப்பிப் போச்சு’ என்று பெயர். பேட்டரியின் ஆயுளை நிறுவனங்கள் சுழற்சிக் கணக்கில் சொல்கின்றன, அதாவது முழு அளவுக்கு எத்தனை முறை ஏற்றி இறக்கலாம் என்ற கணக்கில். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் விற்கப்படும் போன்கள் 800 சுழற்சிக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவு தாங்க வேண்டுமென விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒருமுறை ஏற்றும் வீட்டுக்கு அந்த 800 இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். காலையில் வீட்டிலும் மதியம் வண்டியிலும் ஏற்றும் தொழிலுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான்.

கேமராவைப் பற்றிய பேச்சுதான் கடைகளில் மிகுதியாகத் தவறிப்போகிறது. தொழில் போனின் படத்தொகுப்பைத் திறந்தால் முகங்கள் சிலவே இருக்கும். எடைச்சீட்டு, பில், டீசல் ரசீது, ஓட்டுநர் உரிமம், பஞ்சரான டயர் என்றுதான் வரிசை போகும். எடைச்சீட்டு பெரும்பாலும் தெர்மல் தாளில் அடிக்கப்படுகிறது. அது மையில்லாமல் சூட்டினால் எழுத்து தோன்றும் தாள் என்பதால், வண்டியின் சூட்டில் சில நாள் கிடந்தால் தாள் முழுவதும் கறுத்தோ எழுத்து வெளிறியோ போய், கூலிக் கணக்குக்கு ஆதாரம் அந்தப் படம் மட்டுமே என்றாகிவிடுகிறது. இதற்கு வேண்டியது 50 மெகாபிக்சலோ 108 மெகாபிக்சலோ அல்ல. இருட்டிய பின் கேபின் விளக்கில், ஆடும் கையில், ஒரு சாண் தொலைவில் எண்களைத் தெளிவாகப் பிடிக்கும் ஃபோகஸ் வேண்டும். கடையில் இதைச் சோதிக்க ஒரே வழி, மேசையடியில் விளக்கின் நிழலில் ஒரு பழைய சீட்டை வைத்துப் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்ப்பது. மலிவுப் போன்களில் எண்ணிக்கைக்காக ஒட்டவைக்கப்படும் 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் இந்தச் சோதனையில் தேறுவதை எதிர்பார்க்கக் கூடாது.

அந்தச் சீட்டோடு இ-வே பில்லும் சேர்ந்துகொண்டது. சரக்குப் போக்குவரத்துக்கான இந்த மின்னணு அனுமதி, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும் தமிழ்நாட்டுக்குள் செல்வதற்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் நடைமுறைக்கு வந்தது. வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், பில்லின் ‘பி’ பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிந்த பிறகே நகர வேண்டும். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தப் பதிவைச் செய்ய வேண்டிய போனுக்கு டவர் எடுக்கும் திறனும், மிச்சமிருக்கும் சார்ஜும், வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம்மும்தான் தகுதிகள்.

தொழிலையும் சொந்த வாழ்க்கையையும் பிரிக்கும் முயற்சி புதியதன்று. 2008இல் வந்த நோக்கியா இ71, தொழிலுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று என இரண்டு முகப்புத் திரைகளை வைத்து மாற்றிக்கொள்ள விட்டது. கனடாவின் பிளாக்பெரி, அலுவலக மின்னஞ்சல் ஒன்றையே நம்பி ஒரு காலம் கோலோச்சி, 2022 ஜனவரி 4 அன்று தன் பழைய போன்களுக்கான சேவையை நிறுத்திக்கொண்டது. ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் உண்மையான தொழில் போன் இவை எதுவும் அல்ல. தூசி புகாத விசைப்பலகையும் டார்ச் விளக்கும் கொண்டு 2003இல் வெளியாகி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100தான் அது; ‘தொழில்’ என்ற சொல்லை எங்கும் ஒட்டிக்கொள்ளாமலே மாட்டு வியாபாரியும் மளிகைக் கடைக்காரரும் அதைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இன்று ஆண்ட்ராய்டில் இருக்கும் ஒர்க் புரொஃபைல், இ71இன் எண்ணத்தை ஆழமாகச் செய்கிறது. 2015 முதல் கிடைக்கும் இந்த வசதியில் போனுக்குள்ளேயே ஒரு தனி அறை உண்டாகி, அலுவலகச் செயலிகள் சிறு கைப்பெட்டிக் குறியோடு அதற்குள் நிற்கும். வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் அந்த அறையை மட்டும் அழிக்கலாம், வீட்டுப் படங்களைத் தொட முடியாது. இதை நிர்வகிக்கத் தனி மென்பொருளும் ஆளும் வேண்டும் என்பதால் சிமென்ட் ஆலைகளின் அளவுக்குத்தான் இது ஒத்துவரும்; கடைவீதிக்கு எட்டும் வழி, இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ். எல்லைக்கோடு அறவே அழிந்துபோன இடமும் உண்டு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவைச் செயலி வழியாக, இருப்பிடக் குறியுடன் நாளுக்கு இருமுறை படமெடுத்துப் பதிவதென்று கட்டாயமாக்கப்பட்டபோது, ஏரிக்கரையில் நிற்கும் பணித்தளப் பொறுப்பாளரின் வீட்டுப் போன் ஒரே நாளில் அரசுக் கருவியாகிவிட்டது. மகளின் பாடமும் கூலியாட்களின் வருகையும் ஒரே பேட்டரியில் ஓடும் அந்தப் போனுக்கு எந்த நிறுவனமும் தனி ரகம் செய்யவில்லை. அவருக்கு வெயிலில் தெரியும் திரையும் பெரிய பேட்டரியும் முதலில், மற்றவை பிறகு.

பணம் வாங்கும் தொழிலில் போனைவிட எண் பெரிது. யுபிஐ செயலி, போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி அந்தச் சிம் அந்தப் போனில் இருப்பதை உறுதி செய்த பிறகே இயங்கத் தொடங்குகிறது. சிம் மகன் பெயரிலோ, வேலையை விட்டுப் போன ஆள் பெயரிலோ இருந்தால் போன் சிம்மோடு தொலையும் நாளில் மாற்றுச் சிம் வாங்க முடியாமல் கடையே நின்றுவிடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் திரளும்போது துளசி மாலையும் தேங்காயும் விற்பவர்கள் போனைத் தொடுவதேயில்லை. தனிச் சிம்முடன் இருக்கும் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு விலையுயர்ந்த போனைத் தொழிலுக்கென்று தலையில் கட்டுவது நியாயமாகாது.

விலையிலும் ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் போனுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு; 18,000 ரூபாய்ப் போனில் வரி மட்டும் சுமார் 2,746 ரூபாய். ஜிஎஸ்டி எண் உள்ள வியாபாரி, தொழிலுக்கென்று அந்த எண்ணோடு பில் வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வீட்டுக்கு வாங்குபவரும் கழிக்க முடியாது. பில்லில் எண்ணைப் போடக் கேட்காமல் போகிறவர்களைப் பார்க்கும்போது, மெகாபிக்சலைக் கேட்கும் அக்கறையில் பாதி இங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

இந்த வட்டாரத்தில் போன் தொழிலிலிருந்து வீட்டுக்குத்தான் இறங்கிவருகிறது, எதிர்த்திசையில் போவது அரிது. இரண்டு ஆண்டு லாரியில் ஓடியது, பிறகு வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு வரும். அவ்வாறு கைமாற்றக் கொண்டுவரப்படும் போனில் பழுது பார்ப்பவர் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் கூகுள் கணக்கு யாருடையது என்பதை. முன்பு வைத்திருந்தவருடையதாக இருந்து, அதை நீக்காமல் போனை அழித்துவிட்டால், பழைய கடவுச்சொல் கேட்டு அது பூட்டிக்கொள்ளும். கணக்கு நீங்கிய பிறகு வங்கிச் செயலிகளைப் புதுப் போனுக்கு மாற்றி, சீட்டுப் படங்களை நகலெடுத்து, கடைசியாக முழுவதையும் அழிக்கிறார்கள். பேட்டரியை மாற்றிய பின் சார்ஜிங் பின்னில் மிஞ்சிய வெண்பொடியைக் குச்சியால் எடுத்து, வயரைச் செருகிப் பார்த்து, ‘டக்’கென்ற சத்தம் கேட்ட பிறகே பவுச்சை மாட்டித் தருகிறார்கள்.